சுமைக்கு மூன்று, பேச்சுக்கு மூன்று

நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து வளர்த்த இரண்டாவது பெண்ணுக்கு வாள் வீசத் தெரியும், கரடித்தோல் உரிக்கத் தெரியும், சோறு பொங்கத் தெரியாது. முதல் பெண் நான் பெற்றவள். கோயம்புத்தூருக்குப் படிக்கப் போகும்போது அவள்தான் இந்த இரண்டாவதை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனாள். மந்திரவாதிகளும் தீ கக்கும் பாம்புகளும் உள்ள ஒரு கம்ப்யூட்டர் கேம். தக்கலை வீட்டில் என் மேசையில் இருக்கும் கம்ப்யூட்டரிலும் ஓமானில் அவர் அறையில் இருக்கும் லேப்டாப்பிலும் அதை ஏற்றி, இரண்டும் ஒன்றாக ஓடும்படி செய்து வைத்தாள். அவர் விட்ட இடத்திலிருந்து நான் ஆடலாம். நான் விட்ட இடத்திலிருந்து அவர் ஆடலாம்.

"கேஸ் வந்துதா, கரெண்டு பில்லு கெட்டியாச்சான்னு பேசுயதுக்குப் பதிலா இதைப் பற்றியாவது ரெண்டு பேரும் பேசுங்கோ" என்றாள்.

பேசினோம். பேசியதில் பாதிக்கு மேல் சண்டை.

விளையாட்டு இவ்வளவுதான். அந்தப் பெண் காடு மலை எல்லாம் நடந்து, கொள்ளைக்காரரையும் ஓநாய்களையும் அடித்து, ஊர்க்காரர் சொன்ன வேலைகளை முடித்துக் கொடுப்பாள். அனுபவம் கூடக்கூட ஒரு லெவல் ஏறுவாள். ஏறும்போதெல்லாம் மூன்று பாயிண்ட் கிடைக்கும். அதை வாளுக்குப் போடலாம், வில்லுக்குப் போடலாம், பூட்டுத் திறக்கப் போடலாம். பதுங்க, மந்திரம் செய்ய, சுமை தூக்க, பேச என்று இன்னும் பல இருக்கின்றன. எதற்குப் போடுகிறோமோ அதில் அவள் தேறுவாள். ஒருமுறை போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது. அதனால் ஒருவரை ஒருவர் கேட்காமல் பாயிண்ட் போடக்கூடாது என்று சட்டம் வைத்துக்கொண்டோம். சட்டம் வைத்தது நான். தக்கலையில் ஓர் அலுவலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். வருகிற மனுக்களில் எதை மேலே வைப்பது, எதை அடியில் செருகுவது என்பதுதான் என் பிழைப்பு. முன்னுரிமை என்ற சொல்லை ஒரு நாளைக்கு இருபது தடவையாவது எழுதுகிறவளுக்கு இந்த விஷயத்தில் யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

சட்டத்தை முதல் வாரமே மீறியவர் அவர். கிடைத்த முதல் மூன்று பாயிண்டையும் சுமை தூக்குவதற்குப் போட்டுவிட்டார்.

வேறு யாராக இருந்தாலும் வாளுக்குப் போட்டிருப்பார்கள். என் மகள் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பு ஹாஸ்டல் முழுக்கக் கேட்டிருக்கும். ஆனால் அவர் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். பத்தொன்பது வருடமாக ஒவ்வொரு லீவுக்கும் விமானத்தில் விடுகிற முப்பது கிலோவுக்குள் ஒரு வீட்டையே அடைத்துக் கொண்டுவருகிறவர். கதவு நிலையில் ஸ்பிரிங் தராசைத் தொங்கவிட்டு, பெட்டியை அதில் மாட்டி, முள் கொஞ்சம் தாண்டினால் ஒரு சோப்பை எடுத்துப் பேன்ட் பையில் போட்டுக்கொள்வார். இன்னும் தாண்டினால் சட்டைக்கு மேல் சட்டை. ஒரு தடவை திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் மூன்று சட்டையும் ஒரு கோட்டுமாக வியர்த்து வடிய வெளியே வந்தவரைப் பார்த்து என் மகள் காய்ச்சலா என்று பயந்தாள். கனவில் யாராவது வந்து, உனக்கு என்ன வரம் வேண்டும் என்று கேட்டால் அவர் நாற்பது கிலோ என்றுதான் சொல்வார்.

விளையாட்டில் அவள் இவ்வளவுதான் தூக்கலாம் என்று ஓர் அளவு உண்டு. அதைத் தாண்டினால் ஓட முடியாது, காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பாள். அவர் என்ன செய்வார் என்றால், கண்ணில் பட்டதை எல்லாம் எடுத்து அவள் முதுகில் ஏற்றுவார். காலிப் பாட்டில்கள், மரக்கரண்டி, ஓட்டை வாளி, ஓநாய்த் தோல், யாரோ செத்தவனுடைய ஒற்றைச் செருப்பு. எதற்கு என்று கேட்டால் "நாளைக்கு ஆவும்" என்பார்.

ஒரு சனிக்கிழமை நான் ஆடத் தொடங்கியதுமே எதிரே கரடி வந்தது. ஓடு ஓடு என்று பொத்தானை அமுக்குகிறேன், அவள் கல்யாண வீட்டுச் சாப்பாட்டை முடித்து வருகிறவளைப் போல அசைந்து அசைந்து நடக்கிறாள். கரடி ஒரே அடி. உடனே அவருக்குப் போன் செய்தேன்.

"அவ செத்துட்டா. ஓட முடியாமச் செத்துட்டா."

"சாமானெல்லாம் இருக்கா?" என்றார்.

அவளுக்குப் பெயர் வைப்பதிலும் எங்களுக்கு ஒத்துப்போகாததால் கடைசிவரை அவள் வெறும் 'அவ'தான். இதனால் அலுவலகத்தில் எனக்குக் கொஞ்சம் கெட்ட பெயரும் வந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒருநாள், "சொமக்க வெச்சே அவளைக் கொன்னுருவீங்க போல, நான் வந்துதான் உசுரு குடுக்க வேண்டியிருக்கு" என்று போனில் கத்திவிட்டேன். பக்கத்து இருக்கைக்காரி சோற்றுப் பாத்திரத்தை மூடிவைத்துவிட்டு, "உங்க வீட்டுல யாருக்காச்சும் சுகமில்லையா அக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

இந்தக் கரடிச் சண்டைக்கு அடுத்த வெள்ளிக்கிழமைதான் அவர் அந்தக் கடிதத்தைப் பற்றிச் சொன்னார். வெள்ளி அவருக்கு லீவு. நான் அலுவலகம் முடிந்து வந்து முகம் கழுவி உட்கார்ந்திருந்தேன். வில்லா வாளா என்று பேசிக்கொண்டிருந்த நடுவில், "கம்பெனியில ஒரு கடுதாசி குடுத்திருக்கான். இன்னும் ரெண்டு வருசம் நிக்கியதுன்னா அதுல ஒப்பு போடணும். இல்லேன்னா கணக்கு முடிச்சு அனுப்பிருவான். ரெண்டு மாசம் டயம் இருக்கு. நீ என்ன பறயிய?" என்றார்.

"உங்க இஷ்டம்" என்றேன்.

எனக்கு அவர் வர வேண்டும் என்று இருந்தது. அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. மாமனார் மாமியாரும் காலமாகி, மகளும் போனபின் வீட்டில் இரண்டு தட்டு கழுவும் வேலைகூட இல்லாமல் போயிருந்தது. அவருக்கும் ஐம்பத்திரண்டு ஆகிவிட்டது, முட்டு வலிக்கிறது என்று அவர் சொல்லாவிட்டாலும், வீடியோவில் எழுந்திருக்கும்போது மேசையைப் பிடிப்பது எனக்குத் தெரியும். ஆனாலும் வாயில் வந்தது 'உங்க இஷ்டம்'தான். எங்கள் பக்கத்தில் கல்ஃபில் இருப்பவர்களிடம் போனில் சங்கடம் சொல்லும் வழக்கமில்லை. என் மாமனாருக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவரை வீட்டுக்குக் கூட்டிவந்து கஞ்சி கொடுத்த பிறகுதான் இவருக்குச் சொன்னோம். அங்கே தனியாக இருக்கிற மனிதர், கேட்டால் என்ன செய்வார், யாரிடம் போய் உட்கார்வார் என்ற எண்ணம். ஏர்போர்ட்டிலும் அழக்கூடாது, போய்ச் சேர்ந்ததும் விளியுங்க என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட வேண்டும். திரும்பி வாருங்கள் என்று ஒருத்தி சொன்னால் அது எல்லாச் சங்கடத்துக்கும் மேல். சொன்னவளுக்குச் சம்பாதிக்கிறவனின் அருமை தெரியவில்லை என்றாகிவிடும். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்த்துப் படித்த பாடம் இது.

எனவே நாங்கள் அவளுடைய எதிர்காலத்தைப் பற்றிப் பேசினோம்.

அடுத்த வழக்கு மந்திரம். அதற்கு ஒரு பாயிண்ட்கூடப் போடக்கூடாது என்று நான் சொல்லிவிட்டேன். நான் எங்கள் சபையில் சண்டே ஸ்கூல் டீச்சர். சூனியக்காரரிடம் போகாதே என்று பிள்ளைகளுக்குக் காலையில் சொல்லிக்கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து கோழிக்குழம்பு வைக்கும் நேரத்தில் நானே சூனியத்துக்குப் பாயிண்ட் போடுவதா?

"கேமுல உள்ளதுக்கெல்லாம் கர்த்தர் கணக்கு வெக்க மாட்டாரு" என்றார்.

"வெப்பாரு."

"அப்ப சுகமாக்குயதுக்குப் போடு. அது மந்திரமில்ல, வரமாக்கும்."

விளையாட்டு அதையும் மந்திரத்தின் கீழ்தான் எழுதி வைத்திருந்தது. ஆனால் அவள் நாள்தோறும் செத்துக்கொண்டிருந்தாள், எனக்கும் அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. யோசித்துப் பார்த்து, வரம் என்றே ஒத்துக்கொண்டேன். காயம் ஆற்றலாம். செத்தவனை எழுப்பி நமக்காகச் சண்டைபோட வைப்பது மட்டும் கூடவே கூடாது, அது கர்த்தருடைய காரியம். தீ எறிவது நிலுவையில் இருக்கட்டும் என்றேன். நிலுவை என்பது எங்கள் அலுவலகத்தில் ஒரு தீர்ப்புதான்.

பிறகு ஒரு குகையில் பேய் வந்து நின்றது. வாளால் வெட்டினால் வாள் இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்தது. பேய் அப்படியே நிற்கிறது. அதற்குத் தீ ஒன்றுதான் மருந்தாம். மூன்று வாரம் அந்தக் குகை வாசலிலேயே கிடந்தோம். அவர் தினமும் ஒரு வாதத்தோடு வந்தார். குத்துவிளக்கு ஏற்றுகிற அளவு தீ போதும் என்றார். அடுப்பு பற்றவைக்கிற அளவு என்றார். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, "பெந்தெகொஸ்தே நாளுல அக்கினி எறங்குனதும் மந்திரமா?" என்றார்.

"வேதத்தை இதுக்குள்ள இழுக்காதீங்க."

"நான் கேக்கியதுக்குப் பதிலு சொல்லு."

ஒரே ஒரு பாயிண்ட் கொடுத்தேன். பேய் முதல் வீச்சிலேயே எரிந்து ஒரு பிடி சாம்பலாக விழுந்தது. அவர் உடனே அந்தச் சாம்பலையும் எடுத்து அவள் முதுகுப்பையில் போட்டுக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள் நல்ல சந்தோஷம்தான். அதை எங்கள் போதகரிடம் நான் சொல்லவில்லை, இனியும் சொல்லப் போவதில்லை.

என் பங்குக்கு நானும் ஒரு திருட்டு செய்தேன். அடுத்த லெவலில் வந்த மூன்றையும் அவரிடம் கேட்காமல் பேச்சுக்குப் போட்டேன். பேச்சில் தேறினால் காவல்காரன் கதவைத் திறந்துவிடுவான், கடைக்காரன் விலை குறைப்பான், சண்டைக்கு வந்தவன்கூட வாளை உறையில் போட்டுக்கொண்டு போவான். இருபத்திரண்டு வருடம் மனு வாங்கும் மேசையில் உட்கார்ந்தவளுக்கு இதைவிடப் பெரிய ஆயுதம் எது? தனக்கு என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொல்லத் தெரிந்தவனின் வேலை அன்றைக்கே முடிவதையும், மென்று விழுங்கிக்கொண்டு நிற்பவன் ஆறு மாதம் நடப்பதையும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

அவர் கண்டுபிடித்துவிட்டார். "இதுக்கு மேல பேச்சா? குடும்பத்துல ஒருத்தி பேசுயது போதாதா?" என்றார்.

"உங்களுக்கும் சேத்து நான்தானே பேசணும். நீங்க வாயத் தொறக்கணும்னா ஓட்டை வாளி கெடைக்கணும்."

அவர் சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு மெல்ல மெல்லச் சண்டை குறைந்தது. மழைக்காலம் வந்து குலசேகரம் பக்கம் எங்கள் அரை ஏக்கர் ரப்பரில் பால் வெட்டுவதும் நின்றிருந்தது. அதைப் பற்றிக் கேட்பார், மகளைப் பற்றிக் கேட்பார், வைத்துவிடுவார். வேலை கூடுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அலுவலகத்திலும் கணக்கு ஆய்வு வந்து என் உயிரை எடுத்தது. நான் மூன்று சனிக்கிழமை கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை.

நான்காவது சனிக்கிழமை மத்தியானம், வெளியே நல்ல மழை, திறந்தேன். அவள் ஒரு மலை உச்சியில் நின்றிருந்தாள். ஐந்து லெவல் ஏறியிருந்தாள். அதாவது அவர் விடாமல் ஆடியிருக்கிறார். ஆனால் திரையின் மேல் மூலையில் ஒரு மஞ்சள் விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. பாயிண்ட் பாக்கி இருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. போய்ப் பார்த்தால் பதினைந்து. ஒன்றைக்கூட அவர் எதற்கும் போடவில்லை. சுமைக்குக்கூடப் போடவில்லை. அதே பழைய பலத்தோடு அவளை மலை ஏற்றி, பனி ஓநாய்களிடம் அடிவாங்க வைத்து, எப்படியோ உச்சிக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவருடைய சாப்பாட்டு நேரம் பார்த்துப் போனில் விளித்தேன்.

"பதினஞ்சு பாயிண்ட கையில வெச்சுகிட்டு அடிவாங்குனீங்களா? ஒங்களுக்கு என்ன வெளிவு இல்லாமப் போச்சா?"

"நீ சொல்லுவேன்னு இருந்தேன்."

"நான் கேமு பக்கமே வரல்ல. நீங்க கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டா நீ 'உங்க இஷ்டம்'னு சொல்லிட்டா?" என்றார்.

அவர் கேலிக்குத்தான் அப்படிச் சொன்னார் என்று நினைத்துப் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். சிரிப்பு ஒன்றும் வரவில்லை அங்கிருந்து. பின்னால் யாரோ தட்டு கழுவும் சத்தம் மட்டும் கேட்டது. அப்போதுதான் எனக்குத் தேதி நினைவு வந்தது. இரண்டு மாதம் முடிகிற நேரம்.

"அந்தக் கடுதாசி?" என்றேன்.

"மேசை மேலதான் கெடக்கு. நாளைக்குக் குடுக்கணும்."

"ஒப்பு போட்டாச்சா?"

"இல்ல. நீ சொல்லு."

மறுபடியும் அந்த இரண்டு வார்த்தையும் நாக்கு நுனிக்கு வந்து நின்றன. அங்கே தனியாக இருக்கிற மனிதர், மத்தியானச் சோற்றை முன்னால் வைத்துக்கொண்டிருக்கிறார், வேலை நேரம், என்று வரிசையாகக் காரணங்கள் வந்தன. எல்லாம் எனக்குப் பாடமான காரணங்கள். ஆனால் பதினைந்து பாயிண்டையும் போடாமல் ஒரு மாதம் அடிவாங்கிய மனிதர் அந்தப் பக்கம் இருந்தார்.

"போடாண்டாம்" என்றேன். "வந்திருங்க. இஞ்ச தனியா இருந்து எனக்கு மதியாச்சு, போதும். நீங்க எனக்கு இஞ்ச வேணும்."

அவர் "சரி" என்றார். பிறகு, "சோறு ஆறுது, வைக்கட்டா?" என்றார்.

வந்துவிட்டார். இரண்டு பெட்டி, ஒரு கைப்பை, இந்தத் தடவை ஒரே ஒரு சட்டை. வந்து நான்கு மாதம் ஆகிறது. காலையில் ரப்பர் பார்க்கப் போகிறார், வந்து குளிக்கிறார், மீன்காரியிடம் நான் பேசி முடித்த விலைக்கு மேல் இரண்டு மீன் கேட்டு அவமானப்படுத்துகிறார். ஒரு வீட்டுக்குள் ஒரு ஆண் இவ்வளவு நேரம் இருப்பார் என்பதே எனக்குப் புதிது. அலமாரிகளை எல்லாம் ஸ்டோர் மாதிரி அடுக்கி ஒட்டுச்சீட்டு எழுதி வைத்திருக்கிறார், உப்பு எங்கே இருக்கிறது என்று நான் அவரிடம் கேட்க வேண்டியிருக்கிறது. கேமுக்கும் இப்போது ஒரே நாற்காலிதான். அதற்கும் சண்டை உண்டு.

போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து வந்து, அவர் ஆட, நான் பக்கத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். அவர் பேச்சுக்கு ஒரு பாயிண்ட் போடுவதைப் பார்த்து எனக்குத் தலைகால் புரியவில்லை. "இப்பம் மனசிலாச்சா பேச்சோட பெலம்? நான் ஒரு வார்த்த பேசுனதுல ஒரு ஆளு கடலு தாண்டி வந்திருக்காரு" என்றேன்.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "முந்தியே சொல்லியிருந்தா முந்தியே வந்திருப்பேன்" என்றார்.

"எப்பம்?"

"பிள்ள ரெண்டாங்கிளாஸ் படிக்கும்ப. அப்பமும் இதே மாதிரி ஒரு கடுதாசி வந்துது. உன்கிட்ட கேட்டேன். ஒரு வாரம் ஒப்பு போடாம வெச்சிருந்தேன்."

எனக்கு அந்த நாள் நினைவிருந்தது. உங்க இஷ்டம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, மாமனார் மாமியாருக்குக் கேட்கக்கூடாது என்று குளிமுறியில் பைப்பைத் திறந்துவிட்டு அழுதேன். வாளி நிறைந்து வழிந்து, கதவுக்கு அடியில் தண்ணீர் வெளியே வந்து, பிள்ளை வந்து தட்டினாள். அவரிடம் அதைச் சொன்னேன். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாகச் சொன்னேன்.

அவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். "நான் அங்க நிக்கியதுல நீ சந்தோஷமா இருக்கேன்னு நெனச்சேன்" என்றார்.